மேகத்தை எண்ணும் வேலை

கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன மாதம் திருச்செங்கோடு பக்கம் ஒரு கல்யாணம். பந்தியில் என் பக்கத்தில் என் பழைய மாணவி உட்கார்ந்திருந்தாள். எட்டாம் வகுப்பு வரை என்னிடம் படித்தவள். அப்பா ரிக் வண்டியில் வேலை. வருஷத்தில் பாதி நாள் வடமாநிலங்களில் போர் போட்டுக்கொண்டிருப்பார். பெண் இயற்பியல் படித்து, டாக்டர் பட்டம் வாங்கி, இப்போது வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆராய்ச்சி செய்கிறாள். பேர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள், அதனால் சொல்லவில்லை.

எதிர் வரிசையில் இருந்த உறவுக்காரர் ஒருவர் கேட்டார்: "ஏனுங் டீச்சர், இந்தப் புள்ள இன்னும் படிச்சுக்கிட்டேதான் இருக்குதாமா? என்னத்தப் படிக்குது?"

"சேட்டிலைட்ல இருந்து மழையை அளக்கறதுங்க மாமா" என்றாள் அவள்.

"மேகத்தை எண்ணறதுக்குச் சம்பளம் குடுக்கறாங்களா?" என்றார். பந்தியே சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் அதற்குப் பிறகு இலையில் இருந்ததை அவள் சாப்பிடவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. 35 வருஷம் கரும்பலகை முன்னால் நின்றவளுக்கு அந்த நேரத்தில் ஒரு பதில் வரவில்லை. அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் மட்டும் முடித்தவள். இதில் உள்ள அறிவியலை ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் அவள் சொல்லிக்கொடுக்க, நோட்டில் குறித்துக்கொண்டு, பிறகு தேடிப் படித்துச் சரிபார்த்தேன். மாணவியிடம் பாடம் கேட்பதும் ஒரு சுகம்தான்.

முதலில் என் தம்பி கதையைச் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் ராசிபுரம் பக்கம் மானாவாரியில் கடலை போட்டிருந்தான். பூ எடுக்கும் சமயம் மழை இல்லை, செடி சுருண்டுவிட்டது. பயிர்க் காப்பீடு கட்டியிருந்தான். கேட்டால், "உங்க பகுதியில மழை போதுமான அளவு பதிவாகியிருக்கு" என்று பதில். பதிவான இடம் அவன் காட்டிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி. அங்கே பெய்தது உண்மை. இங்கே பெய்யாததும் உண்மை. "அக்கா, எங்காட்டுல மழை பேயலன்னு நான் எதைக் காட்டி நிரூபிக்கறது?" என்று கேட்டான். அன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை.

நம் பக்கத்து மழை அப்படிப்பட்டது. ரோட்டுக்கு இந்தப் பக்கம் கொட்டும், அந்தப் பக்கம் வெயில் அடிக்கும். பெரியவர்கள் "ஒரு உழவு மழை", "ரெண்டு உழவு மழை" என்று மண்ணைத் தோண்டி ஈரம் பார்த்து அளந்தார்கள். அவரவர் காட்டுக்கு அதுவே சரியான அளவு. ஆனால் மாவட்டத்துக்குக் கணக்குப் போட அது போதாது.

சென்னையில் வானாய்வுக் கூடம் 1792-ல் வந்தது. இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875-ல் தொடங்கியது. அன்றிலிருந்து இன்றுவரை மழை என்றால் மழைமானிதான். காலை 8.30 மணிக்கு ஒருவர் போய் அளவு எடுப்பார். வாய் 200 சதுர சென்டிமீட்டர், அதாவது 16 சென்டிமீட்டர் அகலமுள்ள வட்டம். சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறியது. அந்தத் தட்டில் விழுந்ததை வைத்துச் சுற்றியுள்ள பல ஊர்களுக்கும் மழை இவ்வளவு என்கிறோம். உலகத்தில் கணக்குக் கிடைக்கும் மழைமானிகளின் வாய்களையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் கால்பந்து மைதானத்தில் பாதிகூட நிறையாது என்று 2017-ல் ஆய்வாளர்கள் கணக்கிட்டு எழுதினார்கள். பூமியோ முக்கால் பங்கு கடல். கடலில் யார் மழைமானி வைப்பது?

சின்னக் கணக்கு ஒன்று, என் பழைய மாணவர்களுக்கு. ஒரு ஏக்கர் நிலத்தில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் எவ்வளவு தண்ணீர்? ஏக்கர் ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். அதனால் 4,047 லிட்டர். 10 மில்லிமீட்டர் தவறாகக் கணக்கிட்டால் ஏக்கருக்கு 40,000 லிட்டர் தவறு. தம்பி காட்டுக் கடலை காய்ந்ததும் காயாததும் அந்த 40,000 லிட்டரில்தான் இருந்தது.

இப்போது நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். 1983-ல் இன்சாட்-1பி மேலே போனது. பிறகு தூர்தர்ஷன் செய்தியில் மேகப் படம் காட்டத் தொடங்கினார்கள். நான் வகுப்பில், "செயற்கைக்கோள் மேகத்தைப் பார்த்து எங்கே எவ்வளவு மழை என்று சொல்லிவிடும்" என்று எழுதிப் போட்டேன். அது முழு உண்மை இல்லை. அந்தப் படத்தில் தெரிவது மேகத்தின் தலை மட்டும். தலை எவ்வளவு உயரம், எவ்வளவு குளிர்ச்சி என்று தெரியும். அடியில் மழை கொட்டுகிறதா இல்லையா என்று நேரடியாகத் தெரியாது. உச்சியில் பரந்து வெளுத்துக் கிடக்கும் மேகம் ஒரு சொட்டும் போடாமல் போகும். தாழ்ந்து கறுத்த மேகம் ஏற்காட்டை நனைத்துவிட்டுப் போகும். வீட்டுக் கூரையைப் பார்த்து உள்ளே என்ன சமையல் என்று சொல்வது போன்ற வேலை அது.

கூரையைத் தாண்டி உள்ளே பார்க்க வேறு கண் வேண்டும். அந்தக் கண்தான் மைக்ரோவேவ், நுண்ணலை. இதன் கதை நம் நாட்டிலும் தொடங்குகிறது. 1895-ல் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் சில மில்லிமீட்டர் நீளமுள்ள அலைகளை உண்டாக்கி, சுவரைத் தாண்டி அனுப்பி மணி அடிக்க வைத்தார். இன்று மழையைப் பார்க்கும் செயற்கைக்கோள்கள் பயன்படுத்துவதும் சில மில்லிமீட்டரிலிருந்து சில சென்டிமீட்டர் வரை நீளமுள்ள அலைகளைத்தான்.

மைக்ரோவேவ் என்றதும் சமையலறை அடுப்பை நினைக்காதீர்கள். அடுப்பு அலையை உண்டாக்கிப் பாய்ச்சுகிறது. இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை எதையும் பாய்ச்சுவதில்லை, காது கொடுத்துக் கேட்கின்றன. மண், கடல், மழைத்துளி, நம் உடம்பு என்று எல்லாப் பொருளும் தன் சூட்டுக்கு ஏற்றபடி மெல்லிய நுண்ணலையை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. அதை மேலிருந்து அளப்பதுதான் ரேடியோமீட்டர்.

இதில் ஒரு சிக்கல். என் மாணவி சொன்னதும் எனக்குக் கரும்பலகைதான் நினைவுக்கு வந்தது. கடல் நீர் இந்த அலைகளைக் குறைவாகவே வெளியிடும். அதனால் கருவிக்குக் கடல் கரும்பலகை போல இருட்டாகத் தெரியும். அதன் மேல் மழை பெய்தால், துளிகள் வெளியிடும் அலை சாக்பீஸ் கோடு மாதிரி பளிச்சென்று தெரியும். நிலமோ அலையை நிறைய வெளியிடும். அது சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர். வெள்ளைச் சுவரில் சாக்பீஸால் எழுதினால் யாருக்குத் தெரியும்?

அதனால் முதல் 20 வருஷம் கடல் மழைதான் கைக்கு வந்தது. 1968-ல் சோவியத் நாட்டின் காஸ்மாஸ்-243, பூமியைப் பார்க்கும் மைக்ரோவேவ் ரேடியோமீட்டரை முதன்முதலாக விண்ணுக்குக் கொண்டுபோனது. 1972 டிசம்பரில் அமெரிக்காவின் நிம்பஸ்-5 போனது. கடல்களின் மேல் மழைப் பரவலை வரைபடமாகப் போட அதன் கருவி உதவியது. அடுத்து நாம்! 1979 ஜூன் 7-ல் பாஸ்கரா-1, சோவியத் ராக்கெட்டில் போனது. அதில் அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையம் செய்த 'சமீர்' என்ற ரேடியோமீட்டர் இருந்தது. 19, 22 கிகாஹெர்ட்ஸ் அலைகளில் கடல் மேலுள்ள நீராவியையும் மேக நீரையும் அளந்தது. 1981 நவம்பர் 20-ல் பாஸ்கரா-2 போனபோது 31 கிகாஹெர்ட்ஸும் சேர்ந்தது. நம் கிராமங்களில் ரேடியோப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து செய்தி கேட்ட காலத்தில் நம் நாடு இதைச் செய்திருக்கிறது. எனக்கு அப்போது தெரியாது.

நிலத்து மழைக்கு வழி ஒன்று கிடைத்தது. பெரிய இடி மழை மேகத்தின் உச்சியில் பனித்துகள்கள் இருக்கும். 85, 89 கிகாஹெர்ட்ஸ் போன்ற சிறிய அலைகளில், கீழிருந்து வரும் அலையை இந்தப் பனித்துகள்கள் சிதறடித்துவிடும். அதனால் அந்த இடம் சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ந்தது போலக் கருவிக்குத் தெரியும். வெள்ளைச் சுவரில் கரித்துண்டால் கோடு போட்ட மாதிரி. 1987-லிருந்து அமெரிக்கச் செயற்கைக்கோள்களில் இந்த அலைவரிசை வந்தது. நம் சித்திரை, வைகாசி கோடை இடி மழை இப்படி மாட்டிக்கொள்ளும். ஆனால் பனியே இல்லாத தாழ்ந்த மேகம் மலையில் மோதிப் பெய்கிறதே, ஆடி மாதத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்யும் மழையில் பெரும்பகுதி அப்படி, அது சரியாக மாட்டாது. குடகிலும் வயநாட்டிலும் பெய்வதுதான் மேட்டூர் அணைக்கு வருகிறது. 1934-ல் கட்டி முடித்த அந்த அணையின் 120 அடிக்கு எத்தனை காடு காத்திருக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மழையைத்தான் செயற்கைக்கோள் குறைத்துச் சொல்கிறது.

1997 நவம்பரில் அமெரிக்காவும் ஜப்பானும் சேர்ந்து 'டிஆர்எம்எம்' என்ற செயற்கைக்கோளை அனுப்பின. வெப்பமண்டல மழைக்கென்றே போனது. விண்வெளிக்குப் போன முதல் மழை ரேடார் அதில்தான். இது கேட்கும் கருவி இல்லை, அலையை அனுப்பித் துளியில் பட்டுத் திரும்புவதை அளக்கும் கருவி. கேக்கைக் கத்தியால் வெட்டிப் பார்ப்பது போல மேகத்தின் அடுக்கு அடுக்கான உள்ளமைப்பு தெரிந்தது. 17 வருஷம் உழைத்து 2015 ஜூனில் தென் இந்தியப் பெருங்கடல் மேல் எரிந்து விழுந்தது.

அந்தக் கணக்குகளை நன்றாகப் பயன்படுத்தியவர்களில் ஒருவர் நம்மவர். டி.என்.கிருஷ்ணமூர்த்தி, 1932-ல் சென்னையில் பிறந்தவர், அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1999-ல் அவர் குழு ஒரு முறையை வெளியிட்டது. பல நாட்டுக் கணினி முன்னறிவிப்புகளை எடுத்துக்கொள்வது. ஒவ்வொன்றும் இதற்கு முன் எங்கே எவ்வளவு தவறியது என்று பார்ப்பது. அதற்கேற்ப எடை கொடுத்து ஒரே முன்னறிவிப்பாக்குவது. வகுப்பில் யார் எந்தக் கணக்கில் தப்பு செய்வான் என்று டீச்சருக்குத் தெரியும் அல்லவா, அது மாதிரி. தப்பைக் கண்டுபிடிக்க உண்மையில் பெய்த மழை தெரிய வேண்டும். அதற்கு இந்தச் செயற்கைக்கோள்களின் மழைக் கணக்கு கைகொடுத்தது. அவர் 2018-ல் காலமானார்.

இன்சாட் மாதிரி 36,000 கிலோமீட்டரில் ஒரே இடத்தில் நிறுத்தி நாள் முழுக்கப் பார்க்கக் கூடாதா என்று நானும் கேட்டேன். மைக்ரோவேவ் அலை நீளமானது. அவ்வளவு தூரத்திலிருந்து 1 மீட்டர் ஆன்டெனாவில் 3 சென்டிமீட்டர் அலையைப் பார்த்தால், ஒரு புள்ளியே சுமார் 1,000 கிலோமீட்டர் அகலம் ஆகிவிடும். சேலமும் மும்பையும் ஒரே புள்ளி! அதனால் தாழப் பறக்க வேண்டும். தாழப் பறந்தால் ஓர் ஊர் மேல் ஒரு நாளில் சில தடவைதான் வர முடியும். நாமக்கல்லில் சாயங்காலம் நாலு மணிக்குக் கூடி ஐந்து மணிக்குக் கலைந்துபோகும் மழையை, மூன்று மணிக்கு வந்துவிட்டுப் போன செயற்கைக்கோள் பார்க்கவே பார்க்காது.

இதற்குத்தான் இஸ்ரோவும் பிரான்ஸ் விண்வெளி நிறுவனமும் சேர்ந்து மேகா-ட்ரோபிக்ஸ் செய்தன. 2011 அக்டோபர் 12-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி18 கொண்டுபோனது. அதே ராக்கெட்டில் காட்டாங்குளத்தூர் எஸ்ஆர்எம் பல்கலைக்கழக மாணவர்கள் செய்த எஸ்ஆர்எம்சாட் என்ற சின்னச் செயற்கைக்கோளும் போனது, உங்களில் சிலர் வயதுப் பிள்ளைகள்தான் செய்தது. மேகா-ட்ரோபிக்ஸின் பாதை நிலநடுக்கோட்டுக்கு 20 பாகை சாய்வு மட்டுமே. துருவத்துக்குப் போய் நேரத்தை வீணாக்காமல் நம் தலைக்கு மேலேயே சுற்றிச் சுற்றி வரும். நாம் இருப்பது 11, 12 பாகையில். ஒரு நாளில் பல தடவை நம்மைப் பார்த்தது.

அதில் மழையை அளக்கும் முக்கியக் கருவியின் பெயர் என்ன தெரியுமா? 'மெட்ராஸ்'! ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர். ஆனால் அதன் சுழலும் பாகத்தில் கோளாறு வந்து 2013 ஜனவரியோடு அது நின்றுபோனது. அதை நம்பி ஆராய்ச்சி தொடங்கிய இளைஞர்களை நினைத்துப் பாருங்கள். ஆனாலும் திட்டம் சாகவில்லை. காற்றின் ஈரப்பதத்தை அளக்க வைத்த 'சஃபிர்' என்ற இன்னொரு கருவி நன்றாக வேலை செய்தது. ஈரம் அளக்க வந்த கருவியிலிருந்து மழையையும் கணக்கிட வழி கண்டார்கள். அது உலக மழைக் கணக்கிலும் சேர்ந்தது. 2023 மார்ச் 7-ல் இஸ்ரோ அந்தச் செயற்கைக்கோளை மிச்சமிருந்த எரிபொருளைக் கொண்டு பத்திரமாகப் பசிபிக் கடல் மேல் இறக்கி எரித்துவிட்டது. அப்படி இறக்க வேண்டும் என்று வடிவமைக்கப்படாத செயற்கைக்கோளை அப்படி இறக்கினார்கள்.

இப்போது 2014 பிப்ரவரியில் போன 'ஜிபிஎம்' செயற்கைக்கோள்தான் எடைக்கல். பல நாட்டுச் செயற்கைக்கோள்களின் அளவுகளை அதோடு ஒப்பிட்டுச் சரிசெய்து, அரை மணிக்கு ஒரு முறை, ஏறத்தாழ 10 கிலோமீட்டருக்கு ஒரு கட்டம் என்று உலக மழைக் கணக்குப் போடுகிறார்கள். 10 கிலோமீட்டர் என்றால், கொல்லிமலை உச்சியும் அடிவாரத்துக் காடும் ஒரே கட்டத்தில் விழலாம். 70 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கினவர்களுக்குத் தெரியும், மேலே மழையும் கீழே மழையும் ஒன்றா என்று. 2024 டிசம்பர் முதல் வாரம் ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் பதிவானதே. அங்கே ஒரு மழைமானி இருந்ததால் தெரிந்தது. மானி இல்லாத ஊரில்?

இங்கேதான் என் மாணவி வருகிறாள். செயற்கைக்கோள் சொல்வதையும் தரையில் உள்ள மழைமானி சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த மாதத்தில், எந்த மாதிரி மேகத்தில், மலையா சமவெளியா என்று பார்த்து, எங்கே எவ்வளவு தப்பு என்று கண்டுபிடிப்பது. திருப்பதி பக்கம் காதங்கியில் தேசிய வளிமண்டல ஆய்வகத்தார் 50 கிலோமீட்டர் நீள அகலத்துக்குள் 36 மழைமானிகள் வைத்து இப்படித்தான் சோதித்தார்கள். இந்தத் தப்பு சரியானால்தான், "எங்காட்டுல மழை பேயல" என்று என் தம்பி சொல்வதற்கு ஒரு சாட்சி கிடைக்கும். மேகத்தை எண்ணுவது அதற்குத்தான்.

"இன்னும் படிக்கிறாளா?" என்ற கேள்விக்கும் பதில் சொல்கிறேன். இது படிப்பு இல்லை, வேலை. சம்பளம் உண்டு. ஆனால் இரண்டு மூன்று வருஷ ஒப்பந்தம். முடிந்தால் அடுத்த இடம் தேட வேண்டும். தொகுப்பூதியத்தில் வேலை பார்த்த ஆசிரியர்களுக்கு அந்த வயிற்றுப் புளிப்பு தெரியும். வீரபத்ரன் ராமநாதன் என்று ஒரு விஞ்ஞானி, சென்னையில் பிறந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். முதல் வேலை செகந்திராபாத்தில் குளிர்சாதனக் கம்பெனியில், வாயு ஏன் கசிகிறது என்று பார்ப்பது. பிறகு அமெரிக்கா போய் முனைவர் பட்டம் வாங்கி, நாசா லாங்லி ஆய்வு மையத்தில் இதே மாதிரி தற்காலிக ஆராய்ச்சியாளராக இருந்தபோதுதான், அதே குளிர்சாதன வாயு பூமியைச் சூடாக்கும் என்று கண்டுபிடித்து 1975-ல் வெளியிட்டார். பின்னாளில் மேகங்கள் மொத்தத்தில் பூமியைக் குளிர்விக்கின்றன என்பதைச் செயற்கைக்கோள் அளவுகளால் நிறுவிய குழுவுக்கும் அவரே தலைவர். அன்று அவரிடம் யாராவது "இன்னும் எத்தனை நாளைக்கு?" என்று கேட்டிருப்பார்கள்.

ஒரு உண்மையை ஒப்புக்கொள்கிறேன். அவள் பிளஸ் டூ முடித்ததும் என்னிடம் வந்தாள். நான், "டீச்சர் ட்ரெய்னிங் போ கண்ணு, சீக்கிரம் வேலைக்குப் போயிடலாம்" என்றுதான் சொன்னேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். அவள் கேட்கவில்லை, நல்ல வேளை. கல்யாணம் முடிந்த அன்று இரவு போன் செய்து, "வர்ற வருஷம் ஒப்பந்தம் முடியுது டீச்சர். பேங்க் பரீட்சை எழுதச் சொல்றாங்க. விட்டுடலாமான்னு இருக்கு" என்றாள். இந்த முறை நான் வழி சொல்லவில்லை. அவள் முடிவு அவளுடையது. ஆனால் பந்தியில் ஒரு சிரிப்புக்காக அவள் இதை விட்டுவிடக் கூடாது. அதில் நம் எல்லோருக்கும் பங்கு உண்டு, வாயை மூடிக்கொண்டிருந்த எனக்கும்.

இரண்டு வேண்டுகோள். அடுத்த விசேஷத்தில் அவளைப் பார்த்தால், "உன் கணக்குல நம்ம ஊருக்கு எவ்வளவு மழை காட்டுது?" என்று கேளுங்கள். முகம் எப்படி மலர்கிறது என்று பாருங்கள்.

இரண்டாவது, யார் வீட்டிலாவது தாத்தா, அப்பா மழை அளவு எழுதி வைத்த பழைய நோட்டு, தோட்டக் கணக்குப் புத்தகம் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், அவளிடம் சேர்க்கிறேன். முடிந்தவர்கள் மொட்டை மாடியில், மரமும் சுவரும் மறைக்காத இடத்தில், அடி தட்டையாகவும் பக்கம் நேராகவும் உள்ள ஒரு பாத்திரம் வையுங்கள். தினமும் காலை 8.30-க்கு ஸ்கேலால் எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து, தேதி போட்டு எழுதி, தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். மழை இல்லாத நாளில் பூஜ்யம் என்று எழுத மறக்காதீர்கள். பூஜ்யமும் ஒரு அளவுதான். தம்பியும் இந்த வருஷம் காட்டில் ஒன்று வைத்திருக்கிறான்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்